பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பின் சஸ்பென்ஷனை மாத்தலாமா? கிட் விலையைத் தாண்டி ஒரு கணக்கு!

பணத்தைப் பத்தி பேசுற சேனல்ல சஸ்பென்ஷன் எதுக்குன்னு நீங்க கேக்கலாம். ஆசைக்காக செய்யுற செலவை எப்படிக் கணக்கு போடணும்னு புரிஞ்சுக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அதனால ஒரே ஒரு காரை எடுத்துக்கிட்டு முழுசா பார்ப்போம்.

அந்த கார் எம்ஜிபி. இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல தயாரான ஸ்போர்ட்ஸ் கார் இது. பிரிட்டனில் சாதாரண சம்பளக்காரங்ககூட வாங்கி வச்சுக்கிற கிளாசிக் கார்னா முதலில் வர்ற பேர்களில் இதுவும் ஒண்ணு. உதிரி பாகங்களும் இன்னைக்கும் தாராளமா கிடைக்குது. "பின் சஸ்பென்ஷனை அப்கிரேட் பண்ணலாமே"ங்கிற ஆசையும் அங்கிருந்துதான் ஆரம்பிக்குது.

பின்பக்கம் என்ன இருக்கு?

இடது, வலது சக்கரங்களை இணைக்கிற ஒரே கனமான பின் ஆக்சில். அதைத் தாங்குறது ரெண்டு லீஃப் ஸ்பிரிங். லாரியில பார்த்திருப்பீங்க, எஃகுப் பட்டைகளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருப்பாங்களே, அதேதான். நம்ம அம்பாசடர் காரின் பின்பக்கமும் இந்த முறைதான்.

இந்த ஸ்பிரிங் எடையைத் தாங்கும், ஆக்சிலை அதன் இடத்தில் பிடிச்சு வைக்கும், வேகம் கூட்டும்போது ஆக்சில் முறுக்குறதையும் சமாளிக்கும். ஆட்டத்தை அடக்குற வேலை மட்டும் டேம்பருக்கு. எம்ஜிபியில் அது பைக்ல இருக்கிற குழாய் மாதிரியான ஷாக் அப்சார்பர் இல்ல. எண்ணெய் நிரம்பிய ஒரு உலோகப் பெட்டி, அதிலிருந்து நீளுற ஒரு கை. இதுக்கு லீவர் ஆர்ம் டேம்பர்னு பேர். எண்ணெய் கசிஞ்சா அடக்குற சக்தியும் போயிடும்.

இதைக் கழட்டிட்டு குழாய் வகை ஷாக் அப்சார்பரை மாட்டுற கிட்தான் ரொம்ப பேர் வாங்குறது. இதோட கெட்டியான பாலியூரித்தேன் புஷ், பின்பக்க ஆன்டி ரோல் பார், பட்டைகள் குறைவான பாராபோலிக் ஸ்பிரிங்னு பட்டியல் நீளும்.

சுகம் எதிலிருந்து வந்தது?

கிட் மாட்டினதும் "கார் அடையாளமே தெரியாம மாறிடுச்சு"ன்னு சொல்வாங்க. உண்மையா இருக்கலாம். ஆனா கிட் மாட்டும்போதே 40 வருஷம் பழைய ரப்பர் புஷ், ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் பேடு, யூ போல்ட் எல்லாம் புதுசாகியிருக்கும். அப்போ கிடைச்ச சுகத்தில் கிட்டோட பங்கு எவ்வளவு, புது ரப்பரோட பங்கு எவ்வளவு? இதைப் பிரிச்சுப் பார்க்காம செலவு பண்ணக் கூடாது.

ஒரு கணக்கு போடுவோம். இது விளக்கத்துக்கான எண்கள்தான், கடை விலை இல்ல.

பழுது மட்டும்: சரிபார்த்த லீவர் ஆர்ம் டேம்பர் 150 பவுண்ட், யூ போல்ட் 40, புஷ் 50, பேடு 30, வேலைக் கூலி 200. மொத்தம் 470.

அப்கிரேட்: கிட் 350, அதே யூ போல்ட் 40, புஷ் 50, பேடு 30, கூலி 250. மொத்தம் 720.

கிட் விலை 350தானேன்னு கடைக்குப் போனவர் 720 கொடுத்துட்டு வருவார். இன்னொரு பக்கம், டேம்பர் ஏற்கனவே கசியுதுன்னா 470 எப்படியும் செலவாகப் போற பணம். அப்போ அப்கிரேடுக்கான உண்மையான விலை 720ம் இல்ல, 350ம் இல்ல. வித்தியாசமான 250 பவுண்ட்தான். "இந்த 250 எனக்குத் தகுமா?" இதுதான் சரியான கேள்வி.

டேம்பர் நல்லா இருந்தா கணக்கு வேற. காரின் பின் மூலையை அழுத்தி விடுங்க. ஒரு தடவை எழும்பி நின்னுட்டா, கசிவும் இல்லன்னா, டேம்பருக்கு இப்போ அவசரமில்ல. புஷ், பேடு, யூ போல்ட் மட்டும் மாத்தி சில மாசம் ஓட்டிப் பார்க்கலாம். பல பேருக்கு ஆசை அங்கேயே அடங்கிடும். மிச்சமாகுறது முழுசா ஒரு கிட் விலை.

எந்த வருஷத்து கார்?

அமெரிக்க விதிகளுக்காக 1974 கடைசியில் எம்ஜிபியின் உயரத்தைக் கூட்டினாங்க. 1975 மாடலில் முன்பக்க ஆன்டி ரோல் பாரையும் எடுத்துட்டாங்க. வளைவில் கார் ரொம்ப சாய ஆரம்பிச்சது. 1977 மாடலில் முன்னும் பின்னும் பார் கொடுத்து கம்பெனியே சரிபண்ணுச்சு. அதனால 1975 காருக்கு பார் போடுறது அர்த்தமுள்ள செலவு. எந்தக் குறைக்கு எந்த மருந்துன்னு தெரியாம முழு செட்டையும் வாங்குறதுதான் வீண்.

பில்லில் வராத செலவுகள்

முதல்ல துரு. ஸ்பிரிங்கைத் தாங்குற இடத்தில் பாடி உலோகம் அரிச்சிருந்தா, எவ்வளவு விலை உயர்ந்த கிட்டும் பயன்படாது, ஆபத்தும்கூட. பிரிட்டனில் 2018 மே முதல் 40 வருஷம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு எம்ஓடிங்கிற வருடாந்திர சோதனை கட்டாயமில்ல. பணம் மிச்சம்தான். ஆனா அடியில் குனிஞ்சு பார்க்க யாருமில்ல. கட்டாயம் இல்லாட்டாலும் பணம் கட்டி சோதிக்கலாம். கிட்டுக்கு முன்னாடி செய்ய வேண்டிய செலவு அது.

அடுத்து இன்சூரன்ஸ். செய்த மாற்றத்தைச் சொல்லணும். மறைச்சா க்ளெய்ம் நேரத்தில் சிக்கல். நம்ம ஊரில் பைக், கார் மாடிஃபை பண்றவங்களுக்கும் இது பொருந்தும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52ஐயும் படிச்சுக்கோங்க.

கடைசியா, மறுவிற்பனை. போட்ட பணம் அப்படியே திரும்பும்னு நம்பாதீங்க. ஒரிஜினல் நிலையைத் தேடி வர்றவங்க பலர். கழட்டின பாகங்களைத் தூக்கிப் போடாம வச்சிருங்க. கிட் போல்ட் வகையா இருக்கட்டும், வெட்டி வெல்டிங் பண்ற வகை வேண்டாம். நாளைக்குப் பழைய நிலைக்குத் திரும்புற வழி திறந்தே இருக்கும்.

எப்படிச் சேர்க்கலாம்?

720 பவுண்டை கிரெடிட் கார்டில் தேய்க்காம, மாசம் 60 பவுண்ட் தனிக் கணக்கில் போட்டா 12 மாசத்தில் ரெடி. அவசரகால நிதியைத் தொடவே கூடாது. இதில் ஒரே ஒரு விதிவிலக்கு: துரு, பிரேக் மாதிரி பாதுகாப்பு விஷயம்னா காத்திருக்காதீங்க. பணம் சேரும் வரை காரை ஓட்டாம நிறுத்தி வைங்க.

நீங்க எம்ஜிபி வாங்கப் போறதில்லன்னாலும், அடுத்த தடவை பைக்குக்கோ லேப்டாப்புக்கோ அப்கிரேட் ஆசை வந்தா மூணு வரி எழுதிப் பாருங்க. பழுதுக்கு எவ்வளவு? ஆசைக்கு எவ்வளவு? திரும்ப வருமா? மூணுக்கும் பதில் எழுதிட்டு, பிறகு ஆர்டர் போடுங்க.