நடுவில் ஒரு வருஷம் கம்பெனி: சாண்ட்விச் படிப்பு பற்றி ஒரு குறிப்பு

மண்ணாடிப்பட்டு கொம்யூனில் இருக்கும் பிள்ளைகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. மதகடிப்பட்டிலும் கலிதீர்த்தாள்குப்பத்திலும் இன்ஜினியரிங் காலேஜ் இருக்கு. பக்கத்திலேயே திருபுவனையில் தொழிற்பேட்டை. காலேஜும் கம்பெனியும் ஒரே ரோட்டில் இருந்தாலும் படிப்பும் வேலையும் சந்திப்பதென்னவோ கடைசி வருஷ கேம்பஸ் இன்டர்வியூவில்தான். நடுவிலேயே சந்திக்க வைக்கும் ஏற்பாட்டுக்குத்தான் சாண்ட்விச் படிப்பு என்று பெயர்.

ரெண்டு வருஷம் வகுப்பு, மூன்றாம் வருஷம் முழுக்க ஒரு நிறுவனத்தில் வேலை, திரும்பி வந்து கடைசி வருஷம். பிரிட்டனில் இதற்கு 'கெட்டி சாண்ட்விச்' என்றும், ஆறாறு மாசமாக ரெண்டு தடவை அனுப்பினால் 'மெல்லிய சாண்ட்விச்' என்றும் சொல்வார்கள். அமெரிக்காவில் 1906-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் இதே மாதிரி ஒன்றை ஆரம்பித்தார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-இல் தொடங்கியபோதே படிப்பும் வேலையும் மாறி மாறி வரும் முறையோடுதான் தொடங்கியது.

நம்ம ஊரிலும் இது புதுசு இல்லை. கோவை பி.எஸ்.ஜி. டெக்கில் மெக்கானிக்கல் சாண்ட்விச் பி.இ. ஐந்து வருஷப் படிப்பு. அந்த வளாகத்திலேயே மோட்டாரும் பம்பும் செய்யும் பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் 1926-லிருந்து இருக்கு. பட்டறை பக்கத்தில் இருந்ததால் சாண்ட்விச் சுலபமாக அமைந்தது என்பது என் கணிப்பு. பிலானி பிட்ஸ் 1973-இல் 'பிராக்டிஸ் ஸ்கூல்' கொண்டுவந்தது. அங்கே கடைசியில் ஐந்தரை மாசம் கம்பெனியில்தான், அதற்கு மார்க்கும் உண்டு.

மற்ற பெரும்பாலான காலேஜ்களில் இருப்பது இன்டர்ன்ஷிப். ஏ.ஐ.சி.டி.இ.யின் மாதிரிப் பாடத்திட்டம் நாலு வருஷத்துக்கும் சேர்த்து 600 முதல் 700 மணிநேரம் வரை சொல்கிறது. வாரம் 35 மணிநேரம், 48 வாரம் என்று வைத்தால் ஒரு பிளேஸ்மென்ட் வருஷம் 1,680 மணிநேரம் வரும். ரெண்டு மடங்குக்கும் மேலே. ஆனால் வித்தியாசம் மணிக்கணக்கில் மட்டும் இல்லை.

சாஃப்ட்வேர் வேலையில் முதல் மாசம் கணினியைத் தயார் பண்ணவும், வேறு யாரோ எழுதிய ஆயிரக்கணக்கான வரி நிரலைப் படிக்கவுமே போயிடும். ரெண்டாவது மாசம் சின்னச் சின்ன பிழை திருத்தம். மூன்றாவது நாலாவது மாசம்தான் ஒரு பகுதியை நம்பிக் கையில் கொடுப்பார்கள். நாம எழுதினது வாடிக்கையாளர் கைக்குப் போய், அங்கே உடைஞ்சு, புகாராகத் திரும்பி நம்ம மேசைக்கே வர இன்னும் சில மாசம் ஆகும். அந்தப் புகாரை எடுத்துப் பார்க்கும்போதுதான் டெஸ்டிங், வெர்ஷன் கன்ட்ரோல், ஆவணப்படுத்தல் எல்லாம் எதுக்கு என்று புரியும். கோடை விடுமுறை இன்டர்ன்ஷிப் அதற்கு முன்னாடியே முடிஞ்சிடுது. இன்னும் மோசம், காசு கட்டினால் வீட்டுக்கே சான்றிதழ் அனுப்பும் 'ஆன்லைன் இன்டர்ன்ஷிப்'. அதில் வேலை கொடுப்பவரே இல்லை, வாங்குபவர் மட்டும்தான்.

சரி, அப்போ எல்லாரையும் ஒரு வருஷம் அனுப்பிடலாமே? இங்கேதான் வீட்டுக் கணக்கு வருது. பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். திருக்கனூரிலிருந்தோ காட்டேரிக்குப்பத்திலிருந்தோ சென்னைக்குப் போகிற பையனுக்கு ஹாஸ்டல், சாப்பாடு, பஸ் செலவு யார் தருவது? அப்ரன்டிஸ் சட்டம் 1961-இல் வந்தது. பட்டதாரிகளையும் டிப்ளமா படித்தவர்களையும் 1973 திருத்தம் உள்ளே கொண்டுவந்தது. 2019 விதிப்படி பட்டதாரி அப்ரன்டிஸுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாசம் 9,000 ரூபாயாக இருந்தது. என்.ஏ.டி.எஸ். திட்டத்தில் அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கும். ஊரிலிருந்தே போய்வந்தால் அது பணம். சென்னையில் அறை எடுத்தால் வாடகைக்கும் மெஸ்ஸுக்குமே சரியாப் போயிடும். இன்னொரு விஷயமும் கவனிக்கணும். இந்தச் சட்டப்படி அப்ரன்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருந்தால் ஒழிய, பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டிய கடமை கம்பெனிக்கு இல்லை.

2020-இல் யு.ஜி.சி. அப்ரன்டிஸ்ஷிப்பைப் பட்டத்துக்குள்ளேயே சேர்க்க வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒரு செமஸ்டராவது நிறுவனத்தில் இருக்கணும், அதற்கு கிரெடிட் உண்டு. பி.எஸ்சி., பி.சி.ஏ. மாதிரி படிப்புகளுக்கு இது பயன்படும்.

தலைகீழ் வழியும் இருக்கு. விப்ரோ 1995-இலிருந்து பி.எஸ்சி. முடித்தவர்களை வேலைக்கு எடுத்து, பிட்ஸ் மூலம் எம்.எஸ். படிக்க வைத்தது. எச்.சி.எல். டெக்பீ பிளஸ் டூ முடித்தவர்களை எடுக்கிறது. பயிற்சிக்குக் கட்டணம் உண்டு, வேலை பார்த்துக்கொண்டே பட்டம். ஸோஹோ ஸ்கூல் உதவித்தொகை தந்து சொல்லிக்கொடுக்கும், பட்டம் கிடையாது. அரசுப் பள்ளியில் படித்து, வீட்டில் முதல் ஆளாக மேற்படிப்புக்குப் போகும் பிள்ளைக்குப் பட்டம் இல்லாத வழியை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். அரசு வேலைக்கோ வெளிநாட்டுக்கோ விண்ணப்பிக்கும் நாளில் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.

லண்டன் பக்கம் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 'பிளேஸ்மென்ட் வருஷத்துடன்' என்று கோர்ஸ் பெயரில் போட்டிருந்தால் இடம் உறுதி என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலும் மாணவர்தான் தேடி, இன்டர்வியூ கொடுத்து வாங்கணும். கிடைக்காவிட்டால் சாதாரண மூன்று வருஷப் படிப்புக்கு மாற்றுவார்கள், அதோடு விசா காலமும் குறையும். அந்த வருஷத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கட்டணம் உண்டு. கல்விக்கடன் போடும் முன் இதைக் கேட்டு வாங்கணும்.

உள்ளூரில் யோசித்தால் எனக்கு ஒன்று தோணுது. கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர் ஐ.டி. கம்பெனிக்குத்தான் போகணும் என்று யார் சொன்னது? தொழிற்சாலையிலும் உற்பத்தி வரிசை, சென்சார், சரக்கு இருப்பு, தரச்சோதனை என்று தரவு கொட்டிக் கிடக்கும். வாஷிங் மெஷின் செய்யும் ஆலை திருபுவனையிலேயே இருக்கு. இப்படி ஒரு இடத்தில் ஒரு வருஷம் கிடைத்தால் அறை வாடகை மிச்சம், சாயங்காலம் வீட்டுக்கு வந்திடலாம்.

காலேஜில் சேரும் முன் நாலு கேள்வி கேளுங்க: கம்பெனியில் இருக்கும் மாசங்களுக்கு கிரெடிட் உண்டா? ஒப்பந்தம் என்.ஏ.டி.எஸ். தளத்தில் பதிவாகுமா? அந்த மாசங்களுக்கும் முழு ஃபீஸ் கட்டணுமா? போன வருஷம் எத்தனை பேர், எந்தெந்த கம்பெனிக்குப் போனாங்க? கடைசிக் கேள்விக்குப் பதிலை வாய்ச்சொல்லாக வாங்காதீங்க, பட்டியலாகக் கேளுங்க.