மெதுவாக ஓடும் ஆற்றிலும் மின்சாரம் உண்டு

1970களின் இறுதியில், வெள்ளை நைல் கரையிலுள்ள ஜூபா நகரில் டீசல் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. ஆறு அருகிலேயே ஓடியும் கரையோரத் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்க வழியில்லை. ஆற்றின் ஓட்டத்தைக் கொண்டே இறைத்துவிடலாம் என்று இறங்கினார் பிரிட்டன் பொறியாளர் பீட்டர் கார்மன். பொருளியலாளர் ஷூமாக்கர் தொடங்கிய தொழில்நுட்ப அமைப்பின் திட்டம் அது.

அணை கட்டவில்லை. கரையில் நட்ட கம்பத்திலிருந்து இரும்புக் கயிறு கட்டி, ஆற்றில் ஒரு மிதவையை நிறுத்தினார்கள். அதிலிருந்து ஒரு தண்டு சாய்வாக நீருக்குள் இறங்கும். அதன் நுனியில் காற்றாலைக்கு உள்ளதுபோன்ற இறக்கைகள். பழுதாகக்கூடிய பெல்ட்டும் பம்பும் நீருக்கு மேலேயே இருந்தன. பம்புக்குப் பதில் ஜெனரேட்டரை மாட்டினால் மின்சாரம்.

எவ்வளவு கிடைக்கும்? ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் நீரில் 500 வாட் ஆற்றல் இருக்கிறது. இது ஒருவர் நிதானமாக நடக்கும் வேகம்தான். முழுவதையும் பிடித்துவிட முடியாது. தடையின்றி ஓடும் ஓட்டத்தில் எந்த டர்பைனும் 59 சதவீதத்துக்கு மேல் எடுக்க இயலாது என்று ஜெர்மன் இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் கணக்கிட்டுக் காட்டினார். சிறிய, எளிய இயந்திரத்தில் 30 சதவீதம் தேறினால் நல்லது. அதாவது 150 வாட்.

அற்பமாகத் தோன்றும். ஆனால் ஆறு இரவிலும் ஓடுகிறது. 24 மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் 3.6 யூனிட். அதே ஒரு சதுர மீட்டர் சூரியத் தகடு, நல்ல வெயில் உள்ள ஊரிலும் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட்தான் தரும். மின்கம்பி எட்டாத கரையோரச் சிற்றூர்களுக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரிது. பாட்டரிச் செலவும் குறைகிறது.

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. வேகம் இரட்டிப்பானால் ஆற்றல் எட்டு மடங்காகும். பாதியானால் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆகவே இறக்கையின் வடிவத்தை மெருகேற்றுவதைவிட இடத்தைத் தேர்வதே முக்கியம் என்பேன். வளைவின் வெளிக்கரை, ஆறு குறுகும் இடம், பாலத் தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி ஆகியவற்றில் நீர் விரையும்.

ஓட்டத்தைவிட வேகமாக டர்பைனை நகர்த்துவது இன்னொரு வழி. சுவீடனின் மினெஸ்டோ நிறுவனம் இதைத்தான் செய்கிறது. கடலடியில் கட்டிய பட்டம்போன்ற அதன் கருவி எட்டு வடிவில் நீந்துவதால், டர்பைனில் மோதும் நீரின் வேகம் ஓட்டத்தைப்போலப் பல மடங்காகிறது. ஃபாரோ தீவுகளில் 2024இல் மின்கட்டமைப்புடன் இணைக்கப்பட்ட கருவியின் திறன் 1.2 மெகாவாட். அருமையான பொறியியல்தான், ஆனால் அது 28 டன் எடையுள்ளது. சிற்றூருக்குக் கார்மனின் மிதவையே பொருந்தும், ஏனென்றால் அதை உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்யலாம், பழுதும் பார்க்கலாம். மிதந்துவரும் ஆகாயத்தாமரையும் கட்டைகளும் இறக்கையில் சிக்கினால், கரைக்கு இழுத்து அகற்றவும் முடியும்.

முதலீட்டுக்கு முன் செய்யவேண்டிய சோதனைக்குப் பணம் தேவையில்லை. இருபது மீட்டர் தூரத்தை அளந்து, ஒரு தேங்காயை மிதக்கவிட்டு, கடக்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும். இருபது விநாடி என்றால், விநாடிக்கு ஒரு மீட்டர். வெள்ளக் காலத்தில் மட்டும் அளந்தால் ஏமாந்துவிடுவோம். நீர் குறைந்த மாதத்தில் அளக்க வேண்டும். அப்போது வேகம் 0.7 மீட்டராக இறங்கியிருந்தால், 150 வாட் வெறும் 50 வாட் ஆகிவிடும்.