கிராம் என்னும் வாள்

வட ஐரோப்பியரின் பழங்கதைகளில் வீரனுக்குள்ள புகழ் அவன் வாளுக்கும் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுதப்பெற்ற வோல்சுங்கர் கதையில் வரும் 'கிராம்' அத்தகைய வாளாகும். ஓடின் என்னும் தேவன் மரத்திற் பாய்ச்சிய வாளைச் சிக்மண்ட் ஒருவனே உருவினான். பின்னர் அவ்வோடினின் ஈட்டியிற் பட்டே போர்க்களத்தில் அது முறிந்தது. சிக்மண்டின் மகன் சிகுர்டுக்கு ரெகின் என்னும் கொல்லன் செய்தளித்த வாள்கள் இரண்டும் பட்டறைக்கல்லில் அடித்ததும் உடைந்தன. தந்தையின் வாள்துண்டுகளைக் கொண்டு செய்த மூன்றாம் வாளோ பட்டறைக்கல்லையே பிளந்தது. நார்வே நாட்டு ஹைலஸ்டாட் மரத்தேவாலயத்தின் வாயிற் பலகைகளில் அவ்வுலைக்களக் காட்சியை இன்றும் காணலாம். அவை ஆஸ்லோ அருங்காட்சியகத்தில் உள்ளன.

இக்கதையைத் தழுவி அலங்கார வாளொன்று கையால் உருவாகும் முறையைக் காண்போம். துண்டுகள் ஒன்றாவதே கதையின் உயிர்; தொழிலின் உயிரும் அதுவே. வைக்கிங்குகளுக்கு முன்பிருந்தே அந்நாட்டுக் கொல்லர் பலவகை இரும்புக் கம்பிகளை முறுக்கி, ஒன்றாகப் பற்றவைத்து அலகு செய்தனர். இக்காலக் கைவினைஞர் இருவகை எஃகுத் தகடுகளை அடுக்கி, வெண்காரம் தூவி, வெண்மஞ்சள் நிறம் வரும்வரை காய்ச்சி அடிக்கின்றனர். இடையிலே கசடு சிறிது தங்கினும் தகடுகள் பற்றா. வெளியே பளபளக்கும் அலகினுள் பிளவு ஒளிந்திருக்கும். பற்றிய கட்டியைக் கம்பியாக நீட்டி முறுக்கி, மீண்டும் தட்டையாக்கி அலகாக்குவர். தோய்ச்சல் கொடுத்துத் தேய்த்து மெருகிட்டபின் நீர்த்த அமிலத்தில் நனைப்பர். அமிலம் ஓர் எஃகை மிகுதியாகவும் மற்றதைக் குறைவாகவும் அரிப்பதால், பாம்பின் நெளிவு போன்ற கோலம் தோன்றும். கைக்காப்பில் நுண்ணிய பள்ளங்கள் வெட்டி, வெள்ளிக் கம்பியை அவற்றில் அடித்துப் பதிப்பர்.

இவ்வளவும் கண்ணுக்குத் தெரிபவை. கைப்பிடிக்குள் மறையும் அலகின் அடிப்பகுதியோ தெரியாதது. விற்பனைக்கு வரும் மலிவான வாள்கள் சிலவற்றில் அங்கே மெல்லிய கம்பியொன்றை ஒட்டியிருப்பர். சுவரில் தொங்கும்வரை குறையில்லை. ஆனால் வாளைக் கண்டவர் கையிலெடுத்து ஒருமுறை வீசிப் பார்க்கவே விரும்புவர். அப்போது அலகு கழன்று எதிரிலிருப்பவர்மீது பாயக்கூடும். ஆகவே அலகும் அதன் அடியும் ஒரே எஃகாய் அமைந்து, கைப்பிடிக் குமிழின் மறுபுறம் வந்து, அங்கே அடித்து விரிக்கப்பெறுதல் வேண்டும். ரெகின் முதலிற் செய்த வாள்களின் குறையையும் கண் காட்டவில்லை, அடியே காட்டிற்று. அலங்கார வாளை எவரும் அவ்வாறு அடித்துச் சோதிப்பதில்லை. அதனாலேயே அதைச் செய்பவர் மறைவிடத்தில் கூடுதல் கருத்துச் செலுத்தல் வேண்டும்.