ஜீப் தடத்தில் ஓடும் தண்ணீர்

2009 ஏப்ரலில் கலிபோர்னியாவின் வட்டார நீர்த்தர வாரியம் ஒன்று ஒரு உத்தரவு போட்டது. இந்த மாதிரி வாரியங்கள் வழக்கமாகத் தொழிற்சாலைக் கழிவு, சாக்கடை, பழைய சுரங்கம் என்று போகும். இந்தத் தடவை மாட்டியது ஒரு ஜீப் பாதை. ஓடைகளில் வண்டல் சேர்கிறது, எண்ணெய் கசிகிறது, மனிதக் கழிவு கிடக்கிறது, சுத்தம் செய்யுங்கள் என்று எல் டொராடோ கவுண்டிக்கும் (நம்ம ஊர் மாவட்ட நிர்வாகம் மாதிரி) அமெரிக்க வனத்துறைக்கும் சேர்த்து உத்தரவு.

காட்டுப் பாதையில் வண்டி விடலாமா கூடாதா என்று பல வருடங்களாகச் சண்டை நடக்கிற இடம் இது. வாரியம் அந்தச் சண்டைக்குள் போகவில்லை. தண்ணீர் எங்கே போகிறது, அதற்கு யார் பொறுப்பு என்று மட்டும் கேட்டது. சரியான கேள்வி அதுதான் என்பது என் கட்சி.

எந்தப் பாதை?

ரூபிகான் ட்ரெயில். சியாரா நெவாடா மலையில், டாஹோ ஏரிக்கு மேற்கே சுமார் 22 மைல். ஜீப் ரேங்லரின் ரூபிகான் மாடலுக்குப் பெயர் வந்தது இங்கிருந்துதான். 1953-ல் தொடங்கிய 'ஜீப்பர்ஸ் ஜாம்போரீ' என்ற கூட்டுப் பயணம்தான் இதைப் பிரபலமாக்கியது.

இதன் சட்ட நிலை விசித்திரமானது. 1887-லேயே கவுண்டி இதைப் பொதுச் சாலை என்று அறிவித்துவிட்டது. அப்போது ரூபிகான் ஸ்பிரிங்ஸில் ஊற்றுநீரும் ஒரு விடுதியும் இருந்தன, குதிரை வண்டிகள் போய்வந்தன. ஆக, சுற்றியிருக்கும் காடு வனத்துறையுடையது; பாதையோ பொதுச் சாலை. போகும் உரிமை எல்லாருக்கும் உண்டு. ஆனால் மற்ற சாலைகளுக்கு இருக்கிற வடிகால், பாலம், பராமரிப்பு? பல காலம் அதெல்லாம் பேருக்குத்தான்.

சேதம் எப்படி நடக்கிறது?

டயர் மண்ணைக் கிளப்பிவிடுவதுதான் சேதம் என்று நானும் நினைத்திருந்தேன். அது பாதிதான். மீதியை, வண்டி போன பிறகு வருகிற தண்ணீர் செய்கிறது.

மாட்டுவண்டிப் பாதையை மழைக்காலத்தில் பார்த்தவர்களுக்கு இது புரியும். சக்கரம் மண்ணை அமுக்குகிறது. அமுங்கிய மண்ணுக்குள் தண்ணீர் இறங்காது. தடம் சுற்றியுள்ள தரையைவிடத் தாழ்ந்ததும், சரிவில் பரவலாக இறங்க வேண்டிய தண்ணீர் தடத்துக்குள்ளேயே ஓட ஆரம்பிக்கிறது. பாதை வாய்க்காலாகிவிடுகிறது. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அரிக்கும் விசை ஏறக்குறைய நாலு மடங்கு. தடம் ஆழமாகும், இன்னும் அதிகத் தண்ணீர் சேரும், இன்னும் ஆழமாகும். அடுத்து வருகிற ஓட்டுநர் பள்ளத்தைப் பார்த்துப் பக்கத்தில் ஒதுங்கிப் போவார். இப்போது பாதை இரண்டு. அடுத்த வருடம் மூன்று.

இந்த மண்ணெல்லாம் கடைசியில் ஓடையில்தான் சேரும். ட்ரௌட் மீன் முட்டையிடும் கூழாங்கல் இடுக்குகளை வண்டல் அடைத்தால் முட்டைக்கு ஆக்சிஜன் கிடைக்காது. பனி உருகி மண் ஊறிக் கிடக்கும் நேரத்தில், கோடை முழுக்க நடக்கிற சேதத்தை ஒரே நாளில் செய்துவிடலாம்.

மனிதக் கழிவு தனிக்கதை. இங்கே பல இடங்களில் வெறும் கருங்கல் பாறை, மேலே கொஞ்சம் மண். குழி தோண்டிப் புதைக்க முடியாது. 2004-ல் ஸ்பைடர் லேக் பகுதியை இந்தக் காரணத்துக்காகவே கவுண்டி மூட வேண்டி வந்தது.

வரைபடம் மட்டும் போதுமா?

அமெரிக்க அரசு இதைக் கவனிக்காமல் இல்லை. 1972-ல் நிக்ஸன் ஒரு ஆணை போட்டார்: பொது நிலங்களில் இவ்வகை வண்டிகள் எங்கே போகலாம் என்று ஒவ்வொரு துறையும் வரையறுக்க வேண்டும், மண், நீர், செடிகொடி, விலங்கு எல்லாவற்றுக்கும் சேதம் குறைவாக இருக்கும்படி பார்க்க வேண்டும். 1977-ல் கார்ட்டர் இன்னும் இறுக்கினார்: கணிசமான சேதம் தெரிந்தால் உடனே மூடு. ஆனாலும் பல காடுகளில் 'மூடியதாகச் சொல்லாத இடமெல்லாம் திறந்தது' என்பதே நடைமுறை.

2005-ல் வனத்துறை அதைத் தலைகீழாக்கியது. வரைபடத்தில் குறித்த பாதைகள் மட்டும் திறப்பு, மற்றதெல்லாம் மூடல். (பனிமேல் ஓடும் வண்டிகளுக்குத் தனி விதி.) ஃபயர்வால் அமைத்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: டீஃபால்ட் அலோவிலிருந்து டீஃபால்ட் டினைக்கு மாறியது.

நல்ல மாற்றம்தான். ஆனால் ஃபயர்வால் அனுமதித்த ட்ராஃபிக் உள்ளே என்ன செய்கிறது என்பது வேறு கேள்வி. ரூபிகான் அனுமதிக்கப்பட்ட பாதை. சேதமும் அந்தக் கோட்டின் மேலேயேதான்.

உத்தரவுக்குப் பிறகு

2009 உத்தரவில் பொறுப்பாளிகளின் பெயர் இருந்ததால் வேலை நகர்ந்தது. பாதையில் சரிவுக்குக் குறுக்கே மேடுபள்ளங்கள் போட்டார்கள். நம்ம வரப்பு, மடை மாதிரிதான்: தடத்தில் ஓடும் தண்ணீரை, வேகமெடுக்கும் முன்பே, பக்கத்துக் காட்டுக்குள் திருப்பிவிடுவது. சரிவு அதிகமென்றால் இடைவெளி குறைவு. மண் கரையும் இடத்தில் கல் பாவினார்கள். எல்லிஸ் க்ரீக்கில் வண்டிகள் தண்ணீருக்குள் இறங்காமலிருக்கப் பாலம் வந்தது. மண் ஊறியிருந்தால் தற்காலிகமாக மூடுவதற்கு ஒரு திட்டம் வந்தது. 2012-ல் வனத்துறை பாதைக்கான உரிமையை முறையாகக் கவுண்டிக்கு எழுதிக் கொடுத்தது. யார் பராமரிப்பது என்ற கேள்விக்கு, 1887-க்குப் பிறகு இப்போதுதான் தெளிவான பதில்.

வேலையில் பெரும்பங்கு ஜீப் ஓட்டிகளுடையது. தன்னார்வக் குழுக்கள் கல் சுமந்தன, குப்பை அள்ளின. அவர்களுக்கு ஒரு பயமும் உண்டு: பழுதுபார்க்கிறேன் என்று பாதையைச் சமதளமாக்கிவிட்டால்? கடினம்தான் இந்தப் பாதையின் கவர்ச்சி. நியாயமான பயம். ஆனால் பாறையை நகர்த்தாமலே தண்ணீரைத் திருப்ப முடியும். இரண்டும் வேறு வேறு வேலை.

மூடச் சொல்பவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. பராமரிக்க ஆளும் பணமும் இல்லாத பாதையைத் திறந்து வைப்பது, ஓடைக்கு எழுதிய கடன் சீட்டு. அப்படிப்பட்ட பாதையை மூடத்தான் வேண்டும்.

என்னிடம் ஜீப் கிடையாது. லூன் லேக் பக்கம் ஒருமுறை நடந்து போயிருக்கிறேன். பாறையில் டயர் கறுப்பும் எண்ணெய்க் கறையும் கண்ணில் பட்டன, எரிச்சலாகத்தான் இருந்தது. இதையெல்லாம் படித்த பிறகு, இப்போது எந்த மலைப் பாதையில் நடந்தாலும் கறையைத் தேடுவதில்லை. மழை பெய்தால் இந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்றுதான் பார்க்கிறேன்.