சறுக்கத் தெரியும், செலவுக்குத்தான் வழியில்லை

ஒலிம்பிக் பனிச்சறுக்கில் 45-வது இடம். அதற்காகக் காஷ்மீர் வீரர் ஆரிஃப் கான் கொடுத்த விலை அதிகம்

2022 பிப்ரவரி 4. பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் மூவர்ணக் கொடியுடன் நடந்த ஆரிஃப் கானுக்குப் பின்னால் அதிகாரிகள் சிலர் வந்தார்கள். வீரர் வேறு யாரும் இல்லை. இந்தியாவிலிருந்து தகுதி பெற்ற ஒரே போட்டியாளர் அவர்தான். அந்தக் காட்சியும் தூர்தர்ஷனில் வரவில்லை. கல்வான் மோதலில் காயமடைந்த சீன ராணுவ அதிகாரியை ஒலிம்பிக் ஜோதி ஏந்த வைத்ததைக் கண்டித்து, இந்திய அரசு விழாவைப் புறக்கணித்திருந்தது.

பெங்களூர் ஜீவனஹள்ளியிலோ சென்னை மயிலாப்பூரிலோ வசிப்பவருக்குப் பனி என்றால் மார்கழிக் காலையின் மூடுபனிதான். கானுக்கு அதுவே வீட்டு வாசல். குல்மார்க் அருகே டங்மார்க் பகுதியில் 1990-ல் பிறந்தவர். குல்மார்க்கில் பனிச்சறுக்குச் சாதனங்கள் கடை வைத்திருந்த தந்தை, நாலு வயதிலேயே மகனின் காலில் சறுக்குப் பலகைகளை மாட்டிவிட்டார். 2011 தெற்காசிய குளிர்கால விளையாட்டில் ஸ்லாலம், ஜெயன்ட் ஸ்லாலம் இரண்டிலும் தங்கம்.

இரண்டுமே சரிவில் நட்டிருக்கும் கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து கீழே பாயும் பந்தயங்கள். ஸ்லாலத்தில் கம்பங்கள் நெருக்கமாக இருக்கும், ஜெயன்ட் ஸ்லாலத்தில் தள்ளித் தள்ளி. ஒரு கம்பத்தைத் தவறவிட்டாலும் ஆட்டம் முடிந்தது. இரண்டு முறை இறங்கி, இரண்டு நேரத்தையும் கூட்டினால் அதுதான் முடிவு.

ஒலிம்பிக்கை எட்டுவது இதைவிடக் கடினம். சர்வதேச கூட்டமைப்பு அங்கீகரித்த போட்டிகளில் தொடர்ந்து கலந்துகொண்டு புள்ளிகளைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஆம், இந்த விளையாட்டில் புள்ளி குறைந்தால்தான் லாபம். அத்தகைய போட்டிகள் பெரும்பாலும் ஐரோப்பாவில். விமானக் கட்டணம், தங்குமிடம், பயிற்சியாளர், சறுக்குப் பலகைகள் என்று எல்லாமே யூரோவில் கணக்கு. 2018 பியோங்சாங் ஒலிம்பிக்குக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டிப் பார்த்தார். போதவில்லை. வாய்ப்பு கைநழுவியது.

அமெரிக்காவின் மிகைலா ஷிஃப்ரினோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். கொலராடோவின் வெய்ல் பனிமலை நகரில் பிறந்தவர், வெர்மான்ட்டில் பனிச்சறுக்கு வீரர்களுக்கென்றே நடக்கும் பர்க் மவுண்டன் அகாடமியில் படித்தவர். 15 வயதில் உலகக் கோப்பைப் பந்தயம், 18 வயதில் ஒலிம்பிக் தங்கம். 2025 பிப்ரவரியில் உலகக் கோப்பையில் நூறாவது வெற்றி! திறமை அவருடையது. அதை வளர்க்கத் தேவையான பனிமலையும் பள்ளியும் அவருக்கு அருகிலேயே இருந்தன.

கான் மறுபடி முயன்றார். நிச்சயமான திருமணத்தையே தள்ளிப்போட்டார். 2021 நவம்பரில் ஸ்லாலத்தில் தகுதி கிடைத்தது. எங்கே தெரியுமா? பாலைவன நகரமான துபாயில், கூரைக்கடியில் அமைந்த செயற்கைப் பனிச்சரிவில். அடுத்த மாதமே மான்டிநீக்ரோவில் ஜெயன்ட் ஸ்லாலத்துக்கும் தகுதி. அதற்குப் பிறகுதான் மத்திய அரசு விழித்துக்கொண்டது. ஆஸ்திரியாவில் பயிற்சிக்கும் சாதனங்களுக்கும் ரூ.17.46 லட்சம் ஒதுக்கப்பட்டபோது ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே பாக்கி.

பிப்ரவரி 13, யான்சிங் மலை. செயற்கைப் பனியை நம்பியிருந்த அந்தச் சரிவில் அன்று பார்த்து நிஜப்பனி கொட்டியது. பார்வை மறைத்த அந்தப் பனியில், ஜெயன்ட் ஸ்லாலத்தில் இறங்கியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் முடிக்கவே இல்லை. கான் இரண்டு முறையும் விழாமல் இறங்கி 2 நிமிடம் 47.24 வினாடியில் முடித்தார். தங்கம் வென்ற ஸ்விட்சர்லாந்தின் மார்கோ ஓடர்மாட்டைவிடச் சுமார் 38 வினாடி பின்தங்கி, 45-வது இடம். மூன்று நாள் கழித்து ஸ்லாலத்தில் அவராலும் முடிக்க முடியவில்லை. அதே மலையில் ஷிஃப்ரினும் மூன்று பந்தயங்களில் பாதியிலேயே வெளியேறி, பதக்கமில்லாமல் ஊர் திரும்பினார்.

1964-ல் ஜெரமி புஜகோவ்ஸ்கி, 1988-ல் ஷைலஜா குமார் என்று இந்தியப் பனிச்சறுக்கு வீரர்கள் ஒலிம்பிக்குக்கு ஒற்றையாகவோ இரண்டு மூன்று பேராகவோ போய் வந்திருக்கிறார்கள். பின்னால் வரிசை உருவாகவில்லை. குல்மார்க்கில் இப்போது பனியே நம்பிக்கையாக இல்லை. 2024 ஜனவரியில் சரிவுகள் வெறும் புல்தரையாகக் கிடந்தன. 2025 பிப்ரவரி 22-ல் அங்கே தொடங்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள் பனி போதாமல் தள்ளிவைக்கப்பட்டு, மார்ச்சில்தான் நடந்தன.