கணிப்பொறி அறை

அறிந்தவற்றை அழியாமற் காத்தல் மனிதனின் பழைய வழக்கம். முன்னோர் பனையோலையிலும் செப்பேட்டிலும் கல்லிலும் எழுதி வைத்தனர். இக்காலத்தில் செய்திகள் காந்தத் தட்டுகளிலும் மின்னணுச் சில்லுகளிலும் சேமிக்கப்படுகின்றன. ஓலைச்சுவடிக்கு ஒரு பரண் போதியதாயிருந்தது. இக்கருவிகளுக்கோ தனி அறை ஒன்றை முன்னரே செம்மையாக அமைத்தல் வேண்டும்.

1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் காந்தத் தட்டுச் சேமிப்புக் கருவியொன்றை வெளியிட்டனர். அதில் 50 தட்டுகள் சுழன்றன. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள அக்கருவி 50 இலட்சம் எழுத்துகளையே கொண்டது. இன்று விரல் நகமளவுச் சில்லு அதனினும் பன்மடங்கு கொள்ளும். ஆயினும் எடைச் சிக்கல் நீங்கவில்லை. நூற்றுக்கணக்கான வட்டுகளை ஒரே நிலையடுக்கில் நெருக்கி வைப்பதால், அவ்வடுக்கு மீண்டும் ஒரு டன் எடையை எட்டுகின்றது.

அதனைத் தாங்குமோ தளம் என்பதே முதல் வினா. வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோகிராம் சுமைக்கெனவே வகுக்கப்படுகின்றன. 60 சென்டிமீட்டர் அகலமும் 120 சென்டிமீட்டர் நீளமும் உள்ள இடத்தில் 1,000 கிலோகிராம் நின்றால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,400 கிலோகிராம் ஆகும். இஃது ஏழு மடங்கு! படகின் ஒரு புறத்தே சுமையைக் குவித்தால் படகு சாயும் என்பதை மீனவர் அறிவர். அவ்வாறே, அடுக்கின் கால்களுக்கடியில் எஃகுத் தகடுகளை இட்டுச் சுமையைப் பரப்புதலும், தளத்தை வலுப்படுத்துதலும் வேண்டும். கருவி வரும் வழியிலுள்ள வாயில், சரிவுப் பாதை, மின்தூக்கி ஆகியவற்றையும் முன்னரே அளந்து பார்த்தல் நன்று.

அடுத்தது காற்று. பழவேற்காடு ஏரியை அடுத்த காட்டூர் போன்ற ஊர்களில் உப்புக்காற்று இரும்பை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். அவ்வேரிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள சிறீஅரிக்கோட்டாவிலிருந்து 1971 முதல் இராக்கெட்டுகள் ஏவப்படுகின்றன. அவை அனுப்பும் அளவீடுகளைக் கணிப்பொறிகளே பதிந்து வைக்கின்றன. இத்தகைய கடலோர இடங்களில் காற்றை வடிகட்டி உட்செலுத்தி, அறையின் காற்றழுத்தம் வெளியினும் சற்று மிகுந்திருக்குமாறு செய்வர். அதனால் உப்பும் தூசியும் இடுக்குகள் வழியே நுழைவதில்லை. வெப்பம் 18 முதல் 27 பாகை செல்சியசுக்குள் இருத்தல் நலம். ஈரம் மிகின் உலோகம் அரிக்கும். மிகக் குறையின் நிலைமின் தோன்றிக் கருவியைக் கெடுக்கும்.

வெள்ளமும் தீயும் மறக்கத்தக்கன அல்ல. 2015 டிசம்பரில் சென்னையையும் அதன் சுற்றுப்புறங்களையும் பெருவெள்ளம் சூழ்ந்தது. ஆதலின் கருவிகளை நிலவறையில் வைத்தல் கூடாது. தீயை அணைக்க நீருக்கு மாற்றாக உரிய வாயுவைப் பயன்படுத்துவர். மின்சாரம் தடைப்படின் மின்கல அடுக்கு உடனே உதவும். பின்னர் மின்னாக்கி இயங்கும்.

புயலின் போக்கைக் கணித்து மீனவர்க்கு எச்சரிக்கை விடுத்தற்கும், உழவரின் நிலப் பதிவுகளைக் காத்தற்கும் இவ்வறைகளே துணை நிற்கின்றன. தளம் ஒன்று தளர்ந்தால் பலர் வாழ்வும் தளரும். எனவே கருவி வந்த பின் வருந்துவதினும், வருமுன் அறையைச் செப்பனிடுதலே அறிவுடைமையாகும்.