திடல் யாருக்குச் சொந்தம்?



அஸர் தொழுகை முடிந்து வெயில் தணியத் தொடங்கும் நேரம். புத்தகப் பையைக் கூடத்தில் போட்டுவிட்டு, “உம்மா, விளையாடப் போறேன்” என்று சொல்லிக்கொண்டே ஓடும் பிள்ளையை நாள்தோறும் உங்கள் வீட்டு வாசலில் காண்கிறீர்கள். அவன் எங்கே செல்கிறான் என்று என்றேனும் பின்தொடர்ந்து பார்த்ததுண்டா? தெருமுனையில் இரு செங்கற்களை நட்டு, அதையே கோல் கம்பமாக வைத்துக்கொண்டு, வரும் ஆட்டோவுக்கும் போகும் மோட்டார் சைக்கிளுக்கும் வழிவிட்டு வழிவிட்டு விளையாடுகிறான். பந்து யார் வீட்டுச் சன்னலிலாவது பட்டால் வசைமொழி. சாக்கடையில் விழுந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது.

ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமேனும் உடலை நன்கு அசைத்து ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த ஒரு மணி நேரத்தை உங்கள் பிள்ளை எங்கே கழிப்பது? அதற்கான இடத்தைத் தருவது யார் பொறுப்பு? அதற்கு ஆகும் செலவை ஏற்பது யார்? இக்கேள்விகள் 2025ஆம் ஆண்டில் சென்னையில் பெரும் விவாதமாக வெடித்தன. சென்னையில் நடந்ததுதானே என்று மற்ற ஊரார் இதனை ஒதுக்கிவிட வேண்டாம். நாளை உங்கள் ஊருக்கும் இது வரும்.

நடந்தது என்ன?

சென்னை மாநகராட்சி மக்கள் வரிப்பணத்தில் செயற்கைப் புல்தரைக் கால்பந்துத் திடல்களை அமைத்திருந்தது. அவற்றுள் ஒன்பதைத் தனியாரிடம் ஒப்படைப்பது என்றும், ஆடுவோரிடம் தலைக்கு மணிக்கு 120 ரூபாய் கட்டணம் பெறுவது என்றும் 2025 ஏப்ரல் மாத இறுதியில் மாமன்றம் தீர்மானித்தது. செய்தி வெளியானதும் விளையாட்டு வீரர்களும் பயிற்சியாளர்களும் பெற்றோரும் கொதித்தெழுந்தனர். வடசென்னையில் வியாசர்பாடி போன்ற பகுதிகள் கால்பந்துக்கென்றே பெயர் பெற்றவை. அங்கே பந்து என்பது பொழுதுபோக்கு மட்டுமன்று. தவறான சேர்க்கையிலிருந்து இளைஞனைக் காக்கும் வேலியும் அதுவே. எதிர்ப்பு வலுக்கவே, ஓரிரு நாள்களிலேயே தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. திடல்களைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவிப்பும் வந்தது.

நல்லது நடந்தது. ஆயினும் திரும்பப் பெறப்பட்டது தீர்மானம்தானே தவிர, அதன் பின்னால் நிற்கும் கேள்வி அன்று. பொதுத் திடலுக்கு யார் செலவழிப்பது என்ற வினா இன்னும் அப்படியே நிற்கிறது.

120 ரூபாயின் கணக்கு

நூற்றிருபது ரூபாய் ஒரு பெரிய தொகையா என்று வசதி படைத்தோர் கேட்கக்கூடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சிறுவன் மாதத்தில் 25 நாள், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் விளையாடினால் 3,000 ரூபாய். வீட்டில் இரு பிள்ளைகள் என்றால் 6,000 ரூபாய். தினக்கூலி பெறும் ஒரு வாப்பாவால் இதைத் தர இயலுமா? 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய். அத்தொகை முழுவதையும் கொண்டுபோய்க் கொடுத்தாலும் ஒரு பிள்ளைக்கு எட்டு மணி நேர ஆட்டமே கிடைக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. பக்கத்துக்கு ஐவராகப் பத்துப் பேர் ஆடினால் மணிக்கு 1,200 ரூபாய் ஆகிறது. வணிக நோக்கில் தனியார் நடத்தும் புல்தரைத் திடல்கள் பலவற்றிலும் மணிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல்தான் வாடகை. அவ்வாறாயின், பொது நிலத்தில் பொதுப் பணத்தால் அமைந்த திடலுக்கும் கடைச்சரக்குக்கும் என்ன வேறுபாடு? சோப்பு வாங்கும்போதும் செருப்பு வாங்கும்போதும் ஏழையும் வரி கட்டுகிறான். அந்த வரியும் சேர்ந்துதான் திடலாயிற்று. ஒருமுறை பணம் தந்தவனிடம் வாயிற்படியில் மறுமுறை கேட்பது எவ்வகையில் நியாயம்?

மறுபக்கத்தையும் கேட்போம்

ஆனால் ஒரு தரப்பின் வாதத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பு வழங்குவது முறையன்று. உள்ளாட்சி நிருவாகத்திற்கும் அதன் தரப்பில் சொல்வதற்கு உண்டு. குப்பை அள்ள வேண்டும். மழைநீர்க் கால்வாய் கட்ட வேண்டும். கொசுவை ஒழிக்க வேண்டும். சாலையைச் செப்பனிட வேண்டும். இவற்றுக்கே நிதி போதாதபோது விளையாட்டுக்கு எங்கே போவது என்பது ஒரு வாதம்.

இரண்டாவது வாதம் பராமரிப்பைப் பற்றியது. செயற்கைப் புல்தரை என்பது ஒருமுறை விரித்துவிட்டு மறந்துவிடும் பாய் அன்று. அதனைக் கூட்டிச் சீவ வேண்டும். இடையில் நிரப்பிய ரப்பர்த் துகள் குறையக் குறையச் சேர்க்க வேண்டும். இத்தனையும் செய்தாலும் சுமார் எட்டு, பத்து ஆண்டுகளில் தேய்ந்துவிடும். பிறகு புதிதாய் விரிக்க மறுபடியும் பெருந்தொகை வேண்டும். காவலாள் இல்லாத திடலில் இரவு நேரத்தில் குடிகாரர்கள் கூடுவதும், விளக்குகள் உடைபடுவதும், வலை கிழிபடுவதும் நாம் கண்கூடாகக் காண்பவையே. அத்தகைய திடலுக்கு எந்தத் தாய் தன் மகளை அனுப்புவாள்? தனியாரிடம் கொடுத்தால் சுத்தமாக வைத்திருப்பார்களே என்று சொல்வோர் அனைவரையும் சுயநலக்காரர்கள் என்று தள்ளிவிட முடியாது.

உள்ளபடியே கோளாறு எங்கே இருக்கிறது என்றால், திறப்பு விழாவுக்கு ஒதுக்கும் பணத்தைப் பராமரிப்புக்கு ஒதுக்காமையில்தான் இருக்கிறது. கல்வெட்டில் பெயர் பொறிக்க எல்லாரும் முன்வருவர். துடைப்பத்திற்குப் பணம் ஒதுக்க எவரும் முன்வரார். ஊராட்சிகளுக்கு விளையாட்டுக் கருவிகளை வழங்கும் அரசுத் திட்டம் 2024 பிப்ரவரியில் மதுரையில் தொடங்கி வைக்கப்பட்டது. வரவேற்கத்தக்கதே. ஆனால் மட்டையும் பந்தும் வந்து சேர்ந்த ஊரில் ஆட ஒரு திடல் இல்லையெனில், அவை அலுவலக அலமாரியில்தானே உறங்கும்?

எதற்குச் செலவழிப்பது?

இங்கே நாம் கூர்ந்து நோக்க வேண்டிய ஒன்று உண்டு. திடல் என்றாலே செயற்கைப் புல்தரைதான் என்ற எண்ணம் பரவிவருகிறது. பார்வைக்குப் பசுமையாக இருக்கும், மழைக்காலத்தில் சேறாகாது என்பவை அதன் நன்மைகள். ஆனால் நம் நாட்டுக் கோடை வெயிலில் அது இயற்கைப் புல்லைவிட மிகக் கடுமையாகச் சூடேறும். வெறுங்காலுடன் ஆட முடியாது. அதனை அமைப்பதற்கும் புதுப்பிப்பதற்கும் ஆகும் செலவைக் காட்டித்தான் கட்டணம் என்ற பேச்சே எழுகிறது.

செம்மண் திடலுக்கு இத்துணைச் செலவில்லை. மேடு பள்ளத்தைச் சமப்படுத்தி, உருளை ஓட்டி, மழைநீர் வடிய வழி செய்து, சுற்றிலும் வேலியும் மரங்களும் இருந்தால் போதும். ஒரு குடிநீர்க் குழாய், ஆண் பெண் இருபாலார்க்கும் தனித்தனிக் கழிப்பறை, மாலை விளக்கு, ஒரு காவலாள் ஆகியவையே ஒரு திடலின் உயிர்நாடி. ஒரு புல்தரைக்கு ஆகும் பணத்தில் இத்தகைய எளிய திடல்கள் பலவற்றைச் சீராக்கலாமா என்று கேட்கும் உரிமை வரி செலுத்தும் நமக்கு உண்டு.

‘விளையாட்டு ஓர் ஆடம்பரம்’ என்போருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வின் மதிப்பீட்டின்படி, நம் நாட்டில் நீரிழிவு நோயாளர் 10.1 கோடிப் பேர். உடலசைவற்ற வாழ்வு அதற்கொரு முக்கிய காரணம். திடலுக்குக் கொடுக்காத பணத்தை மருந்துக் கடையில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னால் மிகையாகாது. பிள்ளைகள் ஆட மட்டுமா திடல்? அதிகாலையில் நம் வீட்டுப் பெண்கள் அச்சமின்றி நடைபயிலவும், முதியோர் காற்று வாங்கவும் அதுவே இடம்.

சட்டம் நம் பக்கம்

இது கெஞ்சிக் கேட்கும் சலுகை அன்று என்பதை அறிந்துகொள்ளுங்கள். அரசியல் சட்டத்தின் 74ஆம் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. அதனால் சேர்க்கப்பட்ட பன்னிரண்டாம் அட்டவணை, நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளுள் பூங்கா, விளையாட்டுத் திடல் போன்ற வசதிகளையும் வைத்திருக்கிறது. தமிழகத்தில் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் 1959ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுவிட்டது. உள்ளாட்சிகள் தம் எல்லையிலுள்ள திடல்களைப் பட்டியலிட வேண்டும் என்றும், பட்டியலில் உள்ளவற்றை அரசின் முன் அனுமதியின்றி வேறு பயனுக்குத் திருப்பக்கூடாது என்றும் அது கூறுகிறது.

பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடம் ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தரப்பட்டபோது, அப்பகுதி மக்களே வழக்குத் தொடுத்தனர். அந்த ஒதுக்கீடு செல்லாது என்று 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவமனையும் நல்ல காரியந்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. பொதுவெளிக்கு ஈடாக வேறொன்றை வைக்க முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

மும்பை தரும் பாடமும் கருதத்தக்கது. திறந்தவெளிகளைத் தனியார் பராமரிப்பில் விடும் கொள்கைக்கு 2016 ஜனவரியில் அந்நகர மாமன்றம் ஒப்புதல் அளித்தது. கடும் எதிர்ப்பு எழவே, முதலமைச்சர் அதனை நிறுத்தி வைத்தார். அதே மும்பையில்தான் ஓவல் மைதானமும் இருக்கிறது. பாழ்பட்டுக் கிடந்த அத்திடலை 1990களில் அக்கம்பக்கத்து மக்களே முன்வந்து சீராக்கினர். வேலியிட்டனர், நடைபாதை அமைத்தனர். ஆனால் அங்கே ஆடும் பிள்ளையிடம் கட்டணம் கேட்கும் வாயிற்காவலரை அமர்த்தவில்லை. பராமரிப்பில் தனியார் பங்கேற்பது வேறு, திடலையே வணிகமாக்குவது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

வக்ஃபு என்றால் என்னவென்று நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. கொடுத்தவரின் நோக்கத்திற்கு மாறாக அந்தச் சொத்தைத் திருப்பக்கூடாது என்பது நமக்குத் தெரிந்த நெறி. இங்கிலாந்தில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் 1936இல் காலமானபின், அவர் நினைவாகச் சிலைகளோடு நில்லாது 471 விளையாட்டுத் திடல்களை நாடெங்கும் உண்டாக்கினர். அவை என்றென்றும் திடல்களாகவே நீடிக்க அறக்கட்டளைப் பத்திரத்தால் வேலியிட்டனர். ஏறத்தாழ வக்ஃபு முறைமையே! பொதுத் திடலும் அவ்வாறே ஓர் அமானிதம். நிருவாகம் அதன் உரிமையாளர் அன்று, பொறுப்பாளர் மட்டுமே.

நாம் செய்ய வேண்டியவை

குறை கூறுவதோடு நிறுத்திக்கொள்வது நமக்கு அழகன்று. முதலாவதாக, உங்கள் பகுதியில் திடலுக்கென ஒதுக்கிய நிலம் எது என்று கண்டறியுங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும் என்பது தமிழக விதி. அந்நிலம் எங்கே இருக்கிறது, எந்நிலையில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் எவரும் கேட்கலாம்.

இரண்டாவதாக, கேட்க வேண்டிய இடத்தில் கேளுங்கள். கிராமமாயின் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாள்களில் கிராமசபை கூடுகிறது. நகரமாயின் பகுதி சபை இருக்கிறது. ‘திடல் அமைத்துத் தாருங்கள்’ என்பதோடு நில்லாமல், ‘ஆண்டுதோறும் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்?’ என்றும் கேளுங்கள். வரவு செலவைத் திடலின் வாயிலிலேயே பலகையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவதாக, கட்டணம் தவிர்க்க முடியாதது என்றால், அது யாரிடம் என்பதில் உறுதியாய் இருங்கள். பெரிய நிறுவனங்கள் நடத்தும் போட்டிகளுக்கு வாங்கட்டும். இரவு விளக்கொளியில் ஆடும் வசதி படைத்தோரிடம் வாங்கட்டும். மாலை நான்கு முதல் ஏழு மணிவரை பிள்ளைகளுக்கு உரியது. அதில் ஒரு காசும் கூடாது. பெண் பிள்ளைகளுக்கெனத் தனி நேரமும் அவசியம்.

நான்காவதாக, நம் கையிலுள்ளதையும் திறந்து விடுவோம். நம் சமுதாயத்தார் நடத்தும் பள்ளி, கல்லூரிகள் பலவற்றுக்குப் பரந்த மைதானங்கள் உண்டு. மாலையிலும் விடுமுறையிலும் அவை பூட்டிக் கிடக்கின்றன. தக்க மேற்பார்வையோடு, சாதி மதம் பாராது அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் அவற்றைத் திறந்துவிட்டால், மாநகராட்சியிடம் நியாயம் கேட்கும் நம் குரலுக்கும் வலிமை கூடும்.

சகோதரர்களே, சகோதரிகளே! நாளை மாலையும் உங்கள் பிள்ளை பந்தை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டுவான். அவன் போகும் இடம் வரை ஒருமுறை உடன் சென்று பாருங்கள். அவன் ஆடும் இடம் தெருவாக இருந்தால், அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று கேட்க வேண்டிய முதல் கேள்வி உங்களுக்குக் கிடைத்துவிடும்.